மூன்றாம் பாடவேளை வயிற்றுவலி

"மிஸ், வயிறு வலிக்குது."

தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ, இந்தக் குரலைக் கேட்காமல் நம்மில் யாருக்கும் ஒரு வாரம் கழிவதில்லை. பெரும்பாலும் அது மூன்றாம் பாடவேளையில்தான் எழும். "காலையில சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்கிறோம். வலி என்று சொல்லும் பிள்ளைகளில் சிலர் பாடத்திலிருந்து தப்பிக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் மற்றவர்களின் வலி நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை. இரைப்பையில் இல்லாமல், அதற்குக் கீழே, பெருங்குடலில் இருக்கிறது.

நான் வேப்பம்பட்டுப் பகுதியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையில், புறநகர் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த இடங்களில் இப்போது மனைப் பிரிவுகளும் வாடகை வீடுகளும். பெற்றோரில் பாதிப் பேர் அம்பத்தூர், காக்களூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் உண்டு.

ஒரு பருவம் முழுக்க, வயிற்றுவலி என்று வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்விகள் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய்? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய்? கடைசியாக எப்போது வெளிக்குப் போனாய்? முதல் இரண்டுக்கும் பதில் உடனே வந்தது. மூன்றாவதற்குச் சிரிப்பு வந்தது, வெட்கம் வந்தது, பிறகு மெதுவாக, "நேத்து போகல மிஸ்", "முந்தாநாள் போனேன் மிஸ்" என்று வந்தது. நோட்டின் பக்கங்களில் இந்தப் பதில்தான் திரும்பத் திரும்ப இருந்தது.

குடல் நலம் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. விலை உயர்ந்த பானங்கள், மாத்திரைகள், 'குடலைச் சுத்தம் செய்யும்' பொடிகள் எல்லாம் விற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது அவ்வளவு சிக்கலான விஷயம் இல்லை. என்ன உண்கிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள், எப்போது எங்கே மலம் கழிக்கிறார்கள் என்ற மூன்றுதான். முதலிரண்டைப் பற்றி நாம் பாடம் நடத்துகிறோம். மூன்றாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடக்கிவைப்பதன் உடலியல்

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம், பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் என்று பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். பெருங்குடலின் வேலை நீரை உறிஞ்சுவது என்றும் சொல்கிறோம். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மலம் பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நீர் உறிஞ்சப்படும். ஒரு நாள் அடக்கினால் கொஞ்சம் கெட்டியாகும். இரண்டு நாள் அடக்கினால் கல்லாகும். கல்லானதை வெளியேற்றும்போது வலிக்கும். ஒருமுறை வலித்த பிள்ளை அடுத்த முறை பயந்து அடக்கும். அடக்கினால் இன்னும் கெட்டியாகும். இந்தச் சுழலுக்குள் ஒரு பிள்ளை போய்விட்டால், "நிறைய கீரை சாப்பிடு" என்ற அறிவுரை மட்டும் அதை வெளியே கொண்டுவராது.

சுழல் நீண்டால் இன்னொன்று நடக்கும். மலக்குடல் விரிந்து கொடுத்து, "போக வேண்டும்" என்ற உணர்வே மழுங்கிவிடும். கெட்டியான மலம் உள்ளே அடைத்து நிற்க, அதன் ஓரமாக இளகிய மலம் பிள்ளைக்குத் தெரியாமலே உள்ளாடையில் கசியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வயிற்றுப்போக்கு போலவோ, 'இவ்வளவு பெரிய பையன் இப்படிச் செய்கிறானே' என்ற அசுத்தம் போலவோ தெரியும். உண்மையில் அது முற்றிய மலச்சிக்கல்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனருகில் யாரும் உட்கார மாட்டார்கள். பட்டப்பெயர் கூட வைத்துவிட்டார்கள். படிப்பில் மோசமில்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். அவன் அம்மாவை வரவழைத்துப் பேசினேன். காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி வேன் ஏறுகிறவர். "டீச்சர், நான் கிளம்பும்போது அவன் தூங்கிட்டிருப்பான். எங்க லைன் வீட்டுல நாலு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். காலையில க்யூ நிக்கும். ஸ்கூல்ல போய்க்கோன்னு சொல்லிட்டுப் போவேன்" என்றார். அவனைக் கேட்டால், "ஸ்கூல்ல தாழ்ப்பாள் இல்ல மிஸ், பசங்க கதவைத் தள்ளுவாங்க" என்றான். வீட்டில் இடமில்லை, பள்ளியில் தாழ்ப்பாள் இல்லை. நடுவில் அடக்கிக்கொண்டு திரிந்தான் ஒன்பது வயதுப் பிள்ளை.

அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டினார்கள். மலத்தை இளக்கும் மருந்து, சில மாதங்களுக்குத் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார். இதைப் பெற்றோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு நாளில் சரியானதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஆனால் விரிந்துபோன மலக்குடல் பழைய நிலைக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மலம் இளகியே இருந்தால்தான் பிள்ளையின் பயமும் போகும்.

தாழ்ப்பாளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். ஒரு தாழ்ப்பாள், ஒரு பக்கெட், இரண்டு மக், குழாயில் தண்ணீர். கூட்டத்தில் கட்டடம், சுற்றுச்சுவர் பற்றியெல்லாம் பேசிய பிறகு கடைசியாக இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் முதலில் தலையாட்டியவர்கள் அம்மாக்கள்தான். அந்த வாரமே வேலை முடிந்தது.

சாப்பிட்ட பிறகு வரும் அழைப்பு

உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். இரைப்பை நிரம்பும்போது "கீழே இடம் விடு" என்று நரம்புகளும் ஹார்மோன்களும் அனுப்பும் செய்தி அது. கைக்குழந்தைகள் பால் குடித்தவுடன் மலம் கழிப்பது இதனால்தான். பெரியவர்களுக்கும் இது உண்டு. இரவு முழுக்க ஓய்ந்திருந்த குடலுக்குக் காலை உணவின்போது இந்த அழைப்பு மிக வலுவாக இருக்கும். காபி குடித்தால்தான் வருகிறது என்று சொல்பவர்களின் ரகசியமும் பெரும்பாலும் இதுவே.

இப்போது நம் பள்ளி நடைமுறையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரியில். இதன் பயனைப் பசி, வருகை, எடை என்று பேசுகிறோம். இன்னொரு விளைவும் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நாளின் முதல் உணவு இப்போது பள்ளியில் நடக்கிறது. ஆகவே குடலின் முதல் அழைப்பும் பள்ளியில்தான் வரும். எட்டரை மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு ஒன்பது மணி வாக்கில், வழிபாட்டுக் கூட்டத்தின் நடுவில், அது வரும். வரிசையில் நிற்கும் பிள்ளை அடக்கிக்கொள்ளும். அழைப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும். மறுபடி எப்போது வரும் என்பது பிள்ளை கையில் இல்லை.

எனவே தலைமையாசிரியர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். காலை உணவு முடிந்ததும், மதிய உணவு முடிந்ததும் பத்து நிமிடம் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் பூட்டு திறந்திருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். பாட நேரத்தில் 'இரண்டு விரல்' காட்டும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல வேண்டாம். தமிழ் தெரியாத ஒடியா, இந்திப் பிள்ளைகளுக்கு அந்த விரல் சைகையை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கேட்கத் தெரியாததாலேயே அடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தண்ணீரும் இதனோடு சேர்ந்ததே. கேரளப் பள்ளிகளில் 2019இல் பரவலாகப் பேசப்பட்ட தண்ணீர் மணி இப்போது நம் பள்ளிகளிலும் அடிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கழிப்பறை சரியில்லாத பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் ஒரு மடக்குதான் குடிப்பார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

தட்டில் என்ன இருக்கிறது

டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் உகாண்டாவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர். தன் நாட்டில் சாதாரணமாகப் பார்த்த குடல் நோய்கள் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அரிதாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. அவரும் சக ஆய்வாளர்களும் இரு நாட்டு மக்களின் மலத்தை எடை போட்டார்கள், உணவு வாயிலிருந்து வெளியேறும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். 1972இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, முழுத்தானியமும் கிழங்கும் பருப்பும் உண்டவர்களுக்கு மலம் அளவில் அதிகமாகவும் பயண நேரம் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. கேலிக்குரியதாகத் தோன்றிய இந்த வேலைதான் நார்ச்சத்து என்ற சொல்லை உலகம் முழுக்கப் பேச வைத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 6 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 21 கிராம் நார்ச்சத்து வேண்டும். 10 வயதுக்கு மேல் 25 கிராம், பெரியவர்களுக்கும் அதுவே. நம் உணவில் எவ்வளவு கிடைக்கிறது? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்தால், தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். முழுப் பச்சைப்பயறில் 17. முழுக் கொண்டைக்கடலையில் 25. கொய்யாப்பழத்தில் 8 கிராமுக்கு மேல்.

இதை எட்டாம் வகுப்பில் கணக்காகவே கொடுத்தேன். ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 4 கிராம் சொச்சம். அதனோடு ஒரு கைப்பிடி, 30 கிராம் கடலையைச் சுண்டலாகச் சேர்த்தால் ஏழரை. ஒரு கொய்யா சேர்த்தால் எட்டரை. கூட்டினால் 20ஐத் தாண்டிவிடுகிறது. "அப்போ சோறு வேஸ்டா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். இல்லை, சோறு சக்தி தரும், ஆனால் தனியாக விடக்கூடாது என்றேன். மாணவர்கள் பிறகு தாங்களாகவே, பள்ளி வாசலில் வாங்கும் பாக்கெட் நொறுக்குத் தீனியின் அட்டையைத் திருப்பி நார்ச்சத்தைத் தேடினார்கள். பலவற்றில் அந்த வரியே இல்லை. உப்பும் கொழுப்பும் மட்டும் தவறாமல் இருந்தன.

சத்துணவில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வரும் நாட்களில் அவற்றை ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் சேர்க்கும் பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். சாம்பாரில் வரும் காய்க்கும் அதே கதிதான். அந்த ஓரத்தில் கிடப்பதுதான் அவர்களுக்கு அன்று கிடைத்த நார்ச்சத்தில் பாதி. அவர்களோடு உட்கார்ந்து நாமும் அதையே சாப்பிடுவதைத் தவிர நல்ல வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மிரட்டினால் விழுங்குவார்கள், பழகமாட்டார்கள்.

வேர்க்கடலை நம் மாவட்டத்தில் விளைவது. அவித்துக் கொடுத்தால் போதும். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு வரும். அதன் நாரைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று வருந்தும் பெற்றோரிடம் கொய்யாவைச் சொல்லுங்கள். விலையிலும் குறைவு, நார்ச்சத்திலும் அதுவே மேல். ஒரு எச்சரிக்கை: இதுவரை நார் குறைவாகச் சாப்பிட்டவர்கள் திடீரென்று ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், காற்று பிரியும். இரண்டு மூன்று வாரங்களில் மெதுவாகக் கூட்ட வேண்டும், தண்ணீரையும் சேர்த்து.

குடலில் குடியிருப்பவர்கள்

மனித உடலில் நம் செல்களைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா இருப்பதாக நாம் பலரும் படித்தோம், சொல்லியும் கொடுத்தோம். 2016இல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனிதச் செல்கள். கிட்டத்தட்டச் சமம். பழைய குறிப்பேட்டில் பத்து மடங்கு என்று இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அவற்றில் பெரும்பகுதி வாழ்வது பெருங்குடலில்.

நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நார்தான் அவற்றுக்கு உணவு. அதை நொதிக்கச் செய்து அவை சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். அந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் கூடவே உறிஞ்சப்படும்.

இந்தக் கடைசி உண்மையை மருத்துவமாக மாற்றியது நம் வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பிரிவினருக்கு, அரிசி மாவு சேர்த்தது இன்னொரு பிரிவினருக்கு, சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவு சேர்த்தது மூன்றாம் பிரிவினருக்கு. மூன்றாம் பிரிவினருக்கு வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவின் துணையோடு நீரைத் திரும்ப உறிஞ்ச வைத்தது. 2000இல் உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் ஒன்றான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளியானது. செரிமான மண்டலம் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடுவது நமக்குத்தான் நட்டம்.

எளிதில் செரிக்காத மாவு நம் வீட்டிலும் கொஞ்சம் உண்டு. வெந்த சோறு ஆறும்போது விறைக்கிறதல்லவா? மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்வதால் அப்படி ஆகிறது. அந்த அடுக்கை நம் நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. அதன் ஒரு பகுதி பெருங்குடல் வரை போகும். ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பெருகும். இதுதான் பழைய சோறு. குடல் அழற்சி நோயாளிகளுக்கு இது உதவுகிறதா என்று ஆராய 2021இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அரசின் நிதியுதவியோடு ஓர் ஆய்வை முன்னெடுத்தது. நம் பாட்டிகள் உணவை ஆய்வகம் எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் அது நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. 'பழைய சோறு சர்வரோக நிவாரணி' என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு அது சான்றாகாது.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்று. பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகுகிறது என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. ஒன்பதாம் வகுப்பு வேதியியல் தெரிந்தவர்கள் இதை நிறுத்திக் கேட்கலாம். இரும்பு ஒரு தனிமம். எந்த பாக்டீரியாவும் அதை உருவாக்க முடியாது. பானையில் இருந்த இரும்பு பானையில்தான் இருக்கும். நொதிக்கும்போது இரும்பைப் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் கொஞ்சம் குறையலாம், அதனால் உடல் இரும்பை எளிதாக எடுத்துக்கொள்ளலாம். அது வேறு, இருபது மடங்கு வேறு.

பழைய சோற்றுக்கும் விதி உண்டு. சுத்தமான தண்ணீர், மூடிய பாத்திரம், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுவது. தண்ணீர் ஊற்றாமல் அறை வெப்பத்தில் இரவு முழுக்க விட்ட சோற்றில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பாக்டீரியா வளரும். அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நூல் விட்டாலோ, வழக்கமான புளிப்பு மணம் இல்லாமல் வேறு வாடை வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

இட்லியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மாவு புளிப்பதும் உப்புவதும் பாக்டீரியாவால்தான். ஆனால் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவு, உயிருள்ள பாக்டீரியா தரும் உணவு அல்ல. அது வேண்டுமானால் தயிர், மோர்.

இதை வகுப்பில் காட்டலாம். காய்ச்சி ஆறிய, வெதுவெதுப்பான பால் மூன்று கிண்ணங்களில். முதலாவதில் ஒரு தேக்கரண்டி தயிர். இரண்டாவதில், சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்த தயிர். மூன்றாவதில் சாதாரணத் தயிர் சேர்த்து, கிண்ணத்தைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே. மாலைக்குள் முதல் கிண்ணம் மட்டும் உறையும். வெப்பம் கொல்கிறது, குளிர் தாமதப்படுத்துகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. எங்கள் வகுப்பில், கொதிக்க வைத்த தயிரும் உறைந்துவிடும் என்று பந்தயம் கட்டியவர்களே அதிகம்.

மோர் விலை அதிகமில்லை. கோடையில் மதிய உணவுக்குப் பின் நீர்மோர் கொடுக்க ஊரில் யாராவது முன்வந்தால் மறுக்காதீர்கள், ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

நம்முடைய வயிறு

ஆசிரியர் அறையைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நியாயமாகாது. ஆறே முக்கால் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் காபியோடு கிளம்புகிறோம். பதினொரு மணிக்கு டீ, பிஸ்கெட். மதியம் ஐந்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டு நோட்டுத் திருத்துகிறோம். பெண் ஆசிரியர்கள் பலர் பள்ளிக் கழிப்பறையைத் தவிர்ப்பதற்காகவே மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. பிறகு நாற்பது வயதில் மூலம், வாயு, நெஞ்சரிச்சல் என்று மருந்துக் கடைக்குப் போகிறோம்.

குடலுக்கென்று தனியாக பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்புச் செல்கள் இருக்கின்றன. மூளையோடு அதை இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. தேர்வு நாளன்று பிள்ளைக்கு வயிற்றைக் கலக்குவதும், ஆய்வு நாளன்று நமக்குக் கலக்குவதும் கற்பனை அல்ல. குடலுக்கு நாள் கணக்கும் உண்டு. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் பெற்றோர்கள் வயிற்றுத் தொந்தரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கு உணவு மட்டும் காரணமல்ல, தூக்கமும் சாப்பாட்டு நேரமும் தினம் தினம் இடம் மாறுவதும்தான்.

நான் மாற்றிக்கொண்டவை சில. காலையில் அரை மணி முன்னதாக எழுந்து இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு, கழிப்பறைக்கு நேரம் விட்டுக் கிளம்புகிறேன். டீயைச் சாப்பாட்டோடு குடிப்பதில்லை. அதிலுள்ள பொருள்கள் உணவிலிருக்கும் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் என்பதால் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கிறேன். மதியம் சாப்பிட்டபின் மைதானத்தை இரண்டு சுற்று நடக்கிறேன். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை என்பதால் கால் வைக்க ஒரு சின்ன மனை போட்டிருக்கிறேன். முழங்கால் உயர்ந்தால் முக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் செலவு அந்த மனையின் விலைதான்.

மாத்திரைகள்

இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. குடற்புழு நீக்க நாளில் நாம் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையைப் பிள்ளைகள் மென்று விழுங்க வேண்டும், நம் கண் முன்னே. அன்று காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால் கொடுக்காமல், குணமான பிறகு சுகாதாரப் பணியாளர் மூலம் கொடுக்கலாம். புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு லேசான வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம், சற்று நேரத்தில் சரியாகிவிடும். பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டால் பதற்றம் இருக்காது. ஆனால் கை கழுவாமல், செருப்பில்லாமல் அதே மண்ணில் நடந்தால் புழு திரும்ப வரும்.

மற்றது ஆன்டிபயாடிக். சளிக்கும் இருமலுக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் அதிகம். பெரும்பாலான சளி வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து வேலை செய்யாது. குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவை மட்டும் அழிக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். அவர் எழுதாமல் வேண்டாம்.

எப்போது அனுப்ப வேண்டும்

வயிற்றுவலி எல்லாமே அடக்கியதால் வருவதல்ல. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, நடக்கும்போது குனிந்து நடப்பது, காய்ச்சலோடு வலி, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், நடு இரவில் எழுப்பும் வலி, எடை குறைவது, விடாத வயிற்றுப்போக்கோடு கண் குழிந்து சிறுநீர் குறைவது ஆகிய எதுவாக இருந்தாலும் "கொஞ்ச நேரம் படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரக் கூடாது. பெற்றோர் ஷிப்டில் இருந்தால் போன் எடுக்க மாட்டார்கள். அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறோம். அதுவும் கிடைக்காவிட்டால் 108.

மற்ற வலிகளுக்கு அந்த மூன்று கேள்விகளே போதும். மூன்றாவது கேள்வியை வகுப்பின் முன்னால் கேட்காமல், வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள்.